மச்சினன் கேட்ட 60 மில்லிமீட்டர்

போன மாசியில் என் மச்சினன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே சிவப்புச் சாயம் பூசிய நாலு ஸ்பிரிங். பெட்டி மேல் 60 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதாவது வண்டியை 60 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங். "அத்தான், சனிக்கிழமை மாட்டிடலாமா?" என்றான். ஷாக் (துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எங்கே என்று கேட்டேன். "பழசே நல்லாத்தான் இருக்கு. எண்ணெய் ஒழுகலையே."

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நானும் ஒரு காலத்தில் இதைச் சொன்னவன்தான்.

வண்டி மாமனாருடையது. 1994-இல் வாங்கிய சிட்டி கால்ஃப், 1600 எஞ்சின். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஐரோப்பாவில் முதல் கால்ஃப் 1974-இல் வந்து, 1983-இல் அடுத்த மாடலுக்கு இடம் விட்டது. தென்னாப்பிரிக்காவில் அந்த முதல் கால்ஃபையே 1984 முதல் 'சிட்டி' என்று பேர் வைத்து, யூட்டன்ஹேக் ஆலையில் 2009 வரை செய்துகொண்டிருந்தார்கள். நான் தேவகோட்டையிலிருந்து டர்பன் வந்து இறங்கியதும் அதே 2009-இல்தான். அம்பாசிடருக்குப் பட்டை ஸ்பிரிங் மாற்றிப் பழகிய கை, இங்கே வந்து தெருவுக்கு நாலு சிட்டி கால்ஃபைப் பார்த்தது. அதில் இரண்டு தரையை உரசிக்கொண்டு போகும்.

2011-இல் நானும் ஒன்று வாங்கி 60 தாழ்த்தினேன். ஷாக் பழசே. கோயில் வாசலில் நிறுத்தினால் பையன்கள் போட்டோ எடுத்தார்கள். புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். பின்னால் மூன்று பேர், முன்னால் இரண்டு பேர், டிக்கியில் கூழ்ப்பானை. ஹிகின்சன் ஹைவேயில் ஏறுவதற்குள் பின்பக்கம் இரண்டு முறை 'டொக்' என்றது. இசிப்பிங்கோ போய்ச் சேர்வதற்குள் கூழில் பாதி கார்ப்பெட்டில். மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை. மறுவாரம் கழற்றிப் பார்த்தால் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அழுங்கும்போது முட்டும் ரப்பர் கட்டை) தூள்தூளாகக் கிடந்தது. ஷாக் தண்டைக் கையால் அழுத்தினால் சைக்கிள் பம்ப் மாதிரி தடையே இல்லாமல் இறங்கியது. உள்ளே அடிவால்வு உடைந்திருந்தது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட வரிசை இதுதான்: முதலில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். அப்புறம் ஷாக் முடிவாக வேண்டும். ஸ்பிரிங் கடைசியில். கடையில் எல்லோரும் தலைகீழாகத்தான் வாங்குகிறார்கள்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் இரண்டின் வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியைச் சுமப்பது ஸ்பிரிங். அழுங்கிய ஸ்பிரிங் திரும்பித் துள்ளும்போது பிடித்து நிறுத்துவது ஷாக். ஷாக் எடையைச் சுமப்பதில்லை. பெரும்பாலான ஷாக்குகள் அழுங்கும்போது கொஞ்சமாகத் தடுக்கும். நீளும்போதுதான் பலமாகத் தடுக்கும். ஸ்பிரிங் சேர்த்து வைத்த பலத்தைத் திருப்பிக் கொடுப்பது அந்த நீளும் நேரத்தில்தானே.

தாழ்த்தும் ஸ்பிரிங் வெறும் குட்டை ஸ்பிரிங் இல்லை. இருக்கும் கொஞ்ச இடத்துக்குள் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதால் அதைக் கடினமாகவும் செய்கிறார்கள். உதாரணமாக 30 சதவீதம் கடினம் என்று வையுங்கள். துள்ளல் அதே அளவு அடங்க வேண்டுமானால் ஷாக்கின் தடை 14 சதவீதம் கூட வேண்டும். கடினத்தின் வர்க்கமூலம்தான் கணக்கு, 1.3-க்கு வர்க்கமூலம் 1.14. பார்த்தால் சின்ன எண்தான். நல்ல புது ஷாக் என்றால் சமாளித்துவிடும். ஆனால் நம் வீட்டு வண்டியில் இருப்பது பல வருஷம் உழைத்த ஷாக். அது ஒரிஜினல் ஸ்பிரிங்குக்கே போதாமல் திணறுகிறது. எண்ணெய் ஒழுகவில்லை என்பதால் அது நல்ல ஷாக் ஆகிவிடாது. உள்ளே வால்வு தேய்வதும் எண்ணெய் நீர்த்துப்போவதும் வெளியே தெரியாது. மட்கார்டை அழுத்திவிட்டுத் துள்ளலை எண்ணும் சோதனையும் அப்படித்தான். அதில் தோற்றால் ஷாக் செத்துவிட்டது என்று தெரியும். ஜெயித்தால் எதுவும் தெரியாது.

சரி, கடினம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் நீளம். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

மச்சினனை உட்கார வைத்து அளந்து காட்டினேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்றும் டயர் சைஸும் கணக்கைக் குழப்பிவிடும். எங்களுக்கு முன்பக்கம் 372 மி.மீ. வந்தது. அடுத்து ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப்போடு மட்டும் திரும்ப மாட்டினோம். வண்டியின் உடம்பு ஸ்டாண்டில் நிற்க, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து மெதுவாகத் தூக்கினோம். ஷாக் தலை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டதும் நிறுத்தி மறுபடி டேப் பிடித்தால் 304. அதாவது நிற்கும் நிலையிலிருந்து ரப்பரைத் தொடும் வரை சக்கரம் ஏறுவதற்கு இருக்கும் இடம் 68 மி.மீ.

"இதில் உன் 60-ஐக் கழி" என்றேன்.

எட்டு. தெருவில் கிடக்கும் ஒரு கேபிளில் ஏறினாலே எட்டு மில்லிமீட்டர் போய்விடும். அதற்குமேல் வண்டி ஸ்பிரிங்கில் ஓடாது, ரப்பர் கட்டையில் ஓடும். 'கட்டை மாதிரி இருக்கிறது, ஸ்பிரிங் ரொம்ப ஹார்ட்' என்று பலர் புலம்புவது உண்மையில் இதைத்தான். ஸ்பிரிங் பாவம், அது வேலை செய்ய இடமே இல்லை.

இதே சமயத்தில் சக்கரத்தையும் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கமும் அளக்க வேண்டும், ஆனால் ஆள் ஏற்றி அளக்க வேண்டும். மாமியார், மனைவி, மச்சினன் மூன்று பேரையும் பின்சீட்டில் உட்காரவைத்து, டிக்கியில் தண்ணீர் நிரப்பிய பானையை வைத்தேன். ஒரிஜினல் ஸ்பிரிங்கிலேயே 41 மி.மீ. இறங்கியது. மாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அந்த வருஷமே இதைச் செஞ்சிருக்கலாமே" என்றார்.

60 ஸ்பிரிங்கைக் கடையில் திருப்பிக் கொடுத்து 35 வாங்கினோம். 68-இல் 35 போனால் 33. அதுவும் குறைச்சல்தான். அதைக் கூட்டத்தான் குட்டை உடம்பு ஷாக் வேண்டும்.

கடையில் கிடைப்பதை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை, ஒரிஜினலுக்குப் பதிலாக மாட்டும் சாதாரண ஷாக். கேப்ரியல், மன்றோ என்று இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். வண்டி ஒரிஜினல் உயரத்தில் ஓட அது நல்ல ஷாக். 20, 25 வரை தாழ்த்தினாலும், அளந்து இடம் இருந்தால், புதிதாக வாங்கியதாக இருந்தால் ஒத்துப்போகும். இரண்டாவது, அதே நீளம், ஆனால் உள்ளே தடை அதிகம். மூன்றாவதுதான் தாழ்த்திய வண்டிக்கென்றே உடம்பையும் தண்டையும் குட்டையாக்கிய வகை. பில்ஸ்டைனில் பி6 என்பது ஒரிஜினல் நீளம், பி8 என்பது குட்டை. இரண்டும் மஞ்சள் நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கி வந்தவர்கள் உண்டு. கோனியின் மஞ்சள் ஷாக்கில் நீளும் தடையை நாமே திருகிக் கூட்டலாம். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்று பெட்டியில் எழுதாதபோது, திருகும் வசதி இருப்பது நிம்மதி.

30 முதல் 40 வரை தாழ்த்துகிறீர்களா, மூன்றாவது வகை வாங்குங்கள். 60 வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே வடிவமைத்து வரும் காயில்ஓவர் செட்டுக்குக் காசு சேருங்கள். நடுவழி எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

குட்டை ஷாக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. குட்டை ஸ்பிரிங்கை நீள ஷாக்கில் மாட்டினால், வண்டியை ஜாக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுக்க நீண்டுவிடும், ஸ்பிரிங் நீளாது. தான் உட்காரும் கிண்ணத்துக்குள் ஸ்பிரிங் லொடலொட என்று ஆடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடம் மாறி உட்கார்ந்தால் கதை முடிந்தது. மாட்டியதும் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அந்த ஜோடி ஒத்துவராது.

ஸ்பிரிங்கை அறுத்து ஒரு சுற்று எடுப்பதையும், கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பதையும் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஸ்பிரிங் எஃகின் பதம் சூட்டில் போய்விடும். அவ்வளவுதான். அப்படிச் செய்து தரச் சொல்லி ஒருவர் தன் பாக்கியைக் கொண்டுவந்தார். இங்கே பிக்கப் வண்டியைப் பாக்கி என்பார்கள். வந்த புதிதில் 'என் பாக்கி வெளியே நிற்கிறது' என்று யாராவது சொன்னால் கடன்காரர் வந்திருக்கிறார் என்று நினைப்பேன்.

அதிகமாகத் தாழ்த்தினால் வளைவில் சாயாது என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சேதி. சிட்டி கால்ஃபில் முன்னால் இருப்பது மக்பர்சன் ஸ்ட்ரட். லோயர் ஆர்ம் படுத்த நிலையைத் தாண்டிச் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது கடகடவென்று கீழே போய்விடும். வண்டியின் எடை மையம் அந்த அளவுக்கு இறங்காது. இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூடச் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளுகிறது. 60 தாழ்த்திய வண்டி 35 தாழ்த்தியதைவிட அதிகமாகச் சாய முடியும். கீழே குனிந்து ஆர்ம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். படுத்திருக்கும் வரை சரி.

இனி மாட்டும் வேலை. முந்தின இரவே எல்லா நட்டிலும் க்யூ20 (துருவை இளக்கும் ஸ்பிரே) அடித்து ஊறவிடுங்கள். டர்பன் கடற்காற்றில் நட்டும் போல்ட்டும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒட்டியிருக்கும். ஸ்ட்ரட்டின் கீழ்ப்பக்கம் இரண்டு போல்ட் சக்கரத்தாங்கியைப் பிடித்திருக்கும். மேல் போல்ட்டின் தலையடி வட்டமாக இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருக்கும். கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணத்தைத் திருத்துவது அதுதான். கழற்றும் முன் அது நின்ற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். பிரேக் ஹோஸைக் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். சக்கரத்தாங்கி வெளியே சரிந்து தொங்கினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்ட் உள்மூட்டிலிருந்து இழுபடும். ஒரு கம்பியால் கட்டி வையுங்கள்.

ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேல்தட்டு தளர்ந்து ஆடுவதைக் கையால் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். இரண்டு கிளாம்பும் நேரெதிரே, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். தேவகோட்டையில் என் முதலாளிக்கு இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். கேட்டால் 'ஸ்பிரிங் வாங்கிக்கிச்சு' என்பார்.

பழைய சிட்டியில் பல ஸ்ட்ரட்டுகள் இரும்புக் குழாயும் உள்ளே செருகிய ஷாக்கும் (இன்செர்ட்) ஆக இருக்கும். மேலே பெரிய மூடி நட். அதைத் திறந்து பழைய இன்செர்ட்டையும் எண்ணெயையும் கொட்டிவிட்டுப் புதியதை இறக்க வேண்டும். இறக்கும் முன் குழாயில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், இன்செர்ட் இறங்கும்போது பொங்கி வழியாத அளவு. ஷாக்கின் சூடு வெளிக்குழாய்க்குப் போக அது பாலம். மூடி நட் இறுகியதும் இன்செர்ட் ஒரு இம்மிகூட அசையக் கூடாது. குழாயைவிட இன்செர்ட் குட்டையாக இருந்தால் கீழே வைக்க ஒரு வளையம் பெட்டியிலேயே இருக்கும். அந்த வளையத்தைக் குப்பை என்று எறிந்துவிட்டு, முன்பக்கம் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது என வந்த வண்டிகள் மூன்று பார்த்துவிட்டேன்.

ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் டாப் மவுண்டையும் அதன் பேரிங்கையும் பழசையே போடாதீர்கள். எப்படியும் எல்லாம் பிரித்துக் கிடக்கிறது. பம்ப் ஸ்டாப்பை எடுத்து எறியாதீர்கள். ஸ்பிரிங்குடன் வந்த தாளில் வெட்டச் சொல்லியிருந்தால் தடித்த பக்கத்தில் வெட்டுங்கள். கூம்பிய மெல்லிய முனைதான் முதலில் மெத்தென்று வாங்க வேண்டும். எங்கள் செட்டில் 20 மி.மீ. வெட்டச் சொல்லியிருந்தது. குட்டை ஷாக் என்பதால் வெட்டலாம். 33-உடன் 20 சேர்ந்து 53 ஆனது. மச்சினனுக்கு அந்தக் கூட்டல் பிடித்துப்போய்ச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தான்.

பின்பக்கம் சுலபம். மேல் நட் டிக்கிக்குள் சக்கர வளைவின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அச்சு முழுக்கத் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது முழுக்க இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, ஒருமுறை முன்னே பின்னே உருட்டி, அப்புறம்தான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும்.

சில வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த பிரேக் அழுத்தக் கட்டுப்பாடு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் ஆள் ஏறியிருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டையும்.

மாட்டியதும் பளபளக்கும் ஷாக் தண்டில் ஒரு சின்னக் கேபிள் டையைக் கட்டி உடம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். வண்டி ஓடும்போது ஷாக் எவ்வளவு அழுங்கியதோ அவ்வளவு தூரம் அது மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். இரண்டு ராண்டுக்குள் கிடைக்கும் கருவி இது. இதைவிட உண்மை பேசும் ஆளை நான் பார்த்ததில்லை.

திருகும் ஷாக் என்றால் முழு மென்மையில் ஆரம்பியுங்கள். தினமும் போகும் ஒரே சாலையில் ஓட்டி, கால் சுற்று, கால் சுற்றாகக் கூட்டுங்கள். ஒரு மேட்டுக்குப் பிறகு வண்டி மிதப்பது நின்ற இடம்தான் இடம். அதற்குமேல் திருகினால் நீளும் தடை அதிகமாகி, அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் கீழே வந்து சேர்வதற்குள் அடுத்த அடி விழும். வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் ரப்பரில் உட்காரும். முன்பக்கம் பானட்டைத் திறந்து திருகலாம். பின் கோனியைப் பல வண்டிகளில் கழற்றி, தண்டை முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்துத்தான் திருக முடியும். ஆகவே பின்பக்கத்தை மாட்டும் முன்பே அரைச் சுற்று வைத்துவிட்டோம்.

சில நூறு கிலோமீட்டரில் ஸ்பிரிங் ஓரிரண்டு மில்லிமீட்டர் உட்காரும். அதற்குப் பிறகு சக்கர அலைன்மெண்ட். இன்சூரன்ஸ்காரர்களிடம் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

புனித வெள்ளிக்கு அதே ஐந்து பேர், அதே பானை. ஹிகின்சன் ஹைவே, என்2, இசிப்பிங்கோ. மாமியார் பின்சீட்டில் ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே வந்தார். கோயில் வாசலில் மச்சினன் முதல் வேலையாகப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் பின் ஷாக்கைப் பார்த்தான். கேபிள் டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைந்தது. வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவன், "அத்தான், இன்னும் பத்து இறக்கலாம் போலிருக்கே" என்றான். மாமியார் பானையை அவன் தலையில் ஏற்றி உள்ளே அனுப்பினார்.